லீமா: மண்சுவரிலிருந்து தொடங்குங்கள்

பெருவுக்குப் போகிற பலர் லீமாவில் ஒரே ஓர் இரவுதான் தங்குகிறார்கள். விமானம் இறங்கும், தூங்குவார்கள், விடிந்ததும் குஸ்கோவுக்கும் மாச்சு பிச்சுவுக்கும் கிளம்பிவிடுவார்கள். தலைநகரம் அவர்களுக்கு வண்டி மாறுகிற இடம், அவ்வளவுதான். லீமாவுக்கு நான்கு முழு நாள் கொடுங்கள் என்று கேட்கத்தான் இதை எழுதுகிறேன். அந்த நான்கு நாளை எந்த வரிசையில் கழிப்பது என்பதிலும் எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு.

வழக்கமாக எல்லோரும் முதலில் போவது பிளாசா மயோர் என்ற பெரிய சதுக்கத்துக்கு. ஸ்பானியப் படைத்தலைவன் பிரான்சிஸ்கோ பிசாரோ 1535 ஜனவரி 18 அன்று நகரத்தை நிறுவிய இடம் அது. அங்கே தொடங்கினால் லீமாவின் கதை ஸ்பானியர்களோடு பிறந்தது போலத் தோன்றிவிடும். உண்மையில் அந்த நாளுக்கு ஆயிரம் ஆண்டுக்கு முன்பே இங்கே பெரிய கோயில்கள் இருந்தன. அவை மண்ணால் கட்டியவை, இன்றும் நிற்கின்றன. அதனால் சதுக்கத்தை மூன்றாம் நாளுக்குத் தள்ளிவையுங்கள்.

போவதற்கு முன் இரண்டு விஷயங்களை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று, லீமா பாலைவனத்தில் இருக்கும் நகரம். சுமார் ஒரு கோடி மக்கள் வாழும் இடத்தில் மழை என்று சொல்லும்படி எதுவும் பெய்வதில்லை. ஆண்டிஸ் மலையிலிருந்து இறங்கி வரும் ரீமாக், சில்யோன், லுரீன் என்ற மூன்று ஆறுகள்தான் ஆதாரம். ரீமாக் என்றால் கெச்சுவா மொழியில் ‘பேசுகிறவர்’. அந்தப் பெயர் திரிந்துதான் லீமா ஆனது. இரண்டாவது, இங்கே பூமி ஆடும். கடலடியில் நாஸ்கா புவித்தட்டு தென் அமெரிக்கத் தட்டுக்குக் கீழே நுழைந்துகொண்டே இருக்கிறது. மழை பெய்யாது, பூமி ஆடும். சுவர், கூரை, சாமி, திருவிழா என்று நீங்கள் பார்க்கப் போகிற பலவற்றுக்கும் காரணம் இந்த இரண்டில்தான் இருக்கிறது.

கிளம்புவதற்கு முன்

டிசம்பர் முதல் ஏப்ரல் வரை கோடை. வெயில் இருக்கும், கடல் நீலமாகத் தெரியும். ஜூன் முதல் அக்டோபர் வரை வானம் முழுக்கச் சாம்பல் நிற மேகம் மூடியிருக்கும். உள்ளூர்க்காரர்கள் அதைக் ‘கழுதை வயிறு’ என்பார்கள். ‘கருவா’ என்ற மெல்லிய பனித்தூறல் சட்டையை ஈரமாக்கும், ஆனால் குடை விரிக்கும் அளவுக்கு வராது. குளிர் கடுமையாக இருக்காது. ஆனாலும் காற்றில் ஈரம் அதிகம் என்பதால் ஒரு ஸ்வெட்டர் வேண்டும். எனக்குப் பிடித்த மாதம் அக்டோபர். காரணம் பின்னால் வரும்.

இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களுக்கு விசா தேவை. அமெரிக்கா, கனடா, பிரிட்டன், ஆஸ்திரேலியா அல்லது ஷெங்கன் நாடுகளின் விசா குறைந்தது ஆறு மாதம் செல்லுபடியாக இருந்தால் விலக்கு உண்டு. இப்படிப்பட்ட விதிகள் மாறிக்கொண்டே இருக்கும். டிக்கெட் எடுப்பதற்கு முன் பெரு தூதரகத்தின் இணையப் பக்கத்தைப் பார்த்துவிடுங்கள். இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் பாஸ்போர்ட் என்றால் அவற்றுக்கான விதியைத் தனியாகப் பாருங்கள். அமெரிக்க விமான நிலையம் வழியாகப் போகிற டிக்கெட் மலிவாகக் கிடைக்கலாம். ஆனால் அங்கே விமானம் மாறுவதற்கே அமெரிக்க விசா வேண்டும். அது இல்லாதவர்கள் ஐரோப்பா வழியாகவோ சாவ் பாவ்லோ வழியாகவோ போவது நல்லது. அந்த நாட்டின் இடைவழி விதியையும் கூடவே சரிபாருங்கள்.

நேர வித்தியாசம் பத்தரை மணி. லீமாவில் நண்பகல் என்றால் சென்னையில் இரவு பத்தரை. இறங்கிய அன்று எந்தத் திட்டமும் வைக்காதீர்கள்.

பணம் ‘சோல்’. நூறு சோல் தாளைச் சின்னக் கடையில் நீட்டினால் சில்லறை இருக்காது, இருபதும் பத்துமாகக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். கள்ள நோட்டு புழங்குவதால் கடைக்காரர் தாளைத் தடவிப் பார்ப்பார், வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். உங்களைச் சந்தேகப்படுகிறார் என்று நினைக்க வேண்டாம், எல்லோரிடமும் அப்படித்தான். குழாய்த் தண்ணீரைக் குடிக்காதீர்கள். சுற்றுலாப் பகுதி தாண்டினால் ஆங்கிலம் அதிகம் எடுபடாது. காலை வணக்கத்துக்கு ‘புவெனோஸ் தியாஸ்’, நன்றிக்கு ‘கிராசியாஸ்’, விலை கேட்க ‘குவாந்தோ குவெஸ்தா’ என்று ஒரு பத்துச் சொல் ஸ்பானிய மொழியில் பழகிக்கொண்டால் மக்களின் முகமே மாறும். கடைக்குள் நுழையும்போது வணக்கம் சொல்லாமல் நேராக விலை கேட்பது அங்கே மரியாதைக் குறைவு.

தங்குவதும் நடமாடுவதும்

முதல்முறை போகிறவர்கள் மிராஃப்ளோரெஸ் அல்லது பர்ராங்கோ பகுதியில் தங்குங்கள். இரண்டும் கடலோரப் பாறை மேட்டின் மேல் இருக்கின்றன, இரவில் நடக்கலாம். பழைய நகர மையத்தில் அறை வாடகை குறைவுதான், ஆனால் இருட்டிய பிறகு அங்கே தெரு வெறிச்சோடிவிடும்.

தெருவில் ஓடும் டாக்சிகளில் மீட்டர் கிடையாது. ஏறுவதற்கு முன்பே கட்டணம் பேசிக்கொள்ள வேண்டும். புதியவர்கள் செயலி மூலம் வண்டி அழைப்பதே நிம்மதி. நகர மையத்துக்குப் போக ‘மெத்ரோபொலிதானோ’ பேருந்து மிகவும் வசதி. 2010-இல் தொடங்கியது. அதற்கென்று தனிப் பாதை இருப்பதால் நெரிசலில் மாட்டிக்கொள்ளாது. நிலைய வாசலில் ஓர் அட்டை வாங்கிப் பணம் ஏற்றிக்கொண்டால் போதும், இரண்டு மூன்று பேர் ஒரே அட்டையைப் பயன்படுத்தலாம். காலை எட்டு மணிக்கும் மாலை ஆறு மணிக்கும் மட்டும் தவிருங்கள், நிற்கவும் இடம் இருக்காது.

கைப்பேசியைத் தெருவில் கையில் பிடித்துக்கொண்டு நடக்காதீர்கள். வழி பார்க்க வேண்டுமென்றால் ஒரு கடைக்குள் நுழைந்து பாருங்கள். டாக்சியில் உட்கார்ந்திருக்கும்போதும் சன்னலோரம் பேசவேண்டாம். இந்த ஒரு பழக்கம் இருந்தால் பாதிப் பிரச்சினை வராது.

இன்னொன்று. கட்டடங்களுக்குள் பச்சை நிறத்தில் ‘எஸ்’ எழுத்துப் போட்ட பலகை ஒட்டியிருக்கும். நிலநடுக்கம் வந்தால் நிற்க வேண்டிய பாதுகாப்பான இடம் அது. விடுதி அறைக்குப் போனவுடன் அது எங்கே இருக்கிறது என்று பார்த்துவைத்துக்கொள்ளுங்கள்.

முதல் நாள்: புத்தக அலமாரிக் கோயில்

மிராஃப்ளோரெஸ் குடியிருப்புகளுக்கு நடுவே, அடுக்குமாடிகள் சூழ, ஒரு பழுப்பு நிற மேடு எழும்பி நிற்கும். அதுதான் வாக்கா புக்யானா. ‘வாக்கா’ என்பது ஆண்டிஸ் மக்களுக்குப் புனிதமான எதையும் குறிக்கும் சொல்: கோயில், பாறை, ஊற்று எதுவானாலும். லீமா பண்பாடு என்று தொல்லியலாளர்கள் அழைக்கும் மக்கள் ஏறத்தாழ கி.பி. 200-க்கும் 700-க்கும் இடையில் இதைக் கட்டினார்கள். பிறகு வாரி அரசைச் சேர்ந்தவர்கள் வந்து இதன் மேல் தங்கள் பெரியவர்களைப் புதைத்தார்கள்.

தனியாகச் சுற்ற விடமாட்டார்கள், வழிகாட்டியோடு குழுவாகத்தான் போக வேண்டும். செவ்வாய்க்கிழமை விடுமுறை. உள்ளே போனதும் சுவரை நெருங்கிப் பாருங்கள். கையால் பிடித்துச் செய்த சின்னச் சின்னப் பச்சைச் செங்கல்கள். நாம் வழக்கமாகச் செங்கலைப் படுக்கவைத்துக் கட்டுவோம். இவர்கள் அலமாரியில் புத்தகம் அடுக்குவது போல நிறுத்திவைத்து, இடையில் இடைவெளி விட்டுக் கட்டியிருக்கிறார்கள். பூமி ஆடும்போது செங்கல்கள் சற்று அசைந்து கொடுத்து மறுபடி நிலைக்கு வரும். ஆயிரத்து ஐந்நூறு ஆண்டாக எத்தனையோ பெரிய நிலநடுக்கங்களைத் தாங்கி நிற்கிற சுவர் அது. இவ்வளவு சாதாரண மண்ணில் இவ்வளவு பெரிய அறிவு இருந்ததை நேரில் பார்த்தபோது எனக்குப் பேச்சே வரவில்லை.

அங்கேயே ரோமம் இல்லாத நாய் ஒன்று திரிவதைப் பார்க்கலாம். பெருவின் பூர்வீக இனம் அது. இன்காக்களுக்கு வெகு முன்பு வடக்குக் கடற்கரையில் வாழ்ந்த மோச்சே மக்களின் பானைகளில்கூட அதன் உருவம் இருக்கிறது. பயப்பட வேண்டாம், அதன் தோலுக்கு நோய் எதுவும் இல்லை.

மதியத்துக்கு மேல் புவெப்லோ லிப்ரே பகுதியில் இருக்கும் லார்க்கோ அருங்காட்சியகத்துக்குப் போங்கள். ரஃபாயேல் லார்க்கோ 1926-இல் தொடங்கிய தொகுப்பு. சுமார் 45,000 பொருட்கள் இருக்கின்றன. மோச்சே குயவர்கள் வனைந்த முகப் பானைகள் முன்னால் நின்றுவிடுங்கள். சிரிக்கிற முகம், ஒரு கண் போன முகம், கோபக்கார முகம் என்று ஒவ்வொன்றும் ஒரு தனி மனிதர். அப்புறம் முடிச்சுப் போட்ட கயிறுகள், அவற்றின் பெயர் கீப்பு. எழுத்து இல்லாத இன்கா அரசு தன் கணக்கு வழக்கை இந்த முடிச்சுகளில்தான் வைத்திருந்தது. இந்த அருங்காட்சியகத்தில் சேமிப்பு அறையையும் திறந்தே வைத்திருக்கிறார்கள். தரையிலிருந்து கூரை வரை கண்ணாடி அலமாரிகளில் பானைகள். பலர் அசதியில் இதைத் தவறவிடுகிறார்கள், நீங்கள் தவறவிடாதீர்கள். அங்கே சோளம், வேர்க்கடலை, மரவள்ளி வடிவத்தில் செய்த பானைகளைத் தேடிப் பாருங்கள்.

ஏன் சொல்கிறேன் என்றால், வேர்க்கடலையும் மரவள்ளியும் உருளைக்கிழங்கும் தென் அமெரிக்காவில் பிறந்து நம் அடுப்படிக்கு வந்தவை. மிளகாயும் இந்தக் கண்டங்களிலிருந்து வந்ததுதான். வட தமிழ்நாட்டில் கடலையை ‘மல்லாட்டை’ என்கிறோமே, அது ‘மணிலாக் கொட்டை’யின் திரிபு. ஸ்பானியக் கப்பல்கள் பசிபிக்கைக் கடந்து மணிலாவுக்குப் போன வழியின் தடம் அந்தச் சொல்லில் இருக்கிறது. லீமாவின் கண்ணாடி அலமாரியில் ஒரு களிமண் மல்லாட்டையைப் பார்ப்பது தனி அனுபவம்.

இரண்டாம் நாள்: திரும்பிப் படுத்தால் உலகம் முடியும்

நகரத்துக்குத் தெற்கே ஏறக்குறைய 30 கிலோமீட்டரில், லுரீன் பள்ளத்தாக்கில் இருக்கிறது பாச்சாகாமாக். திங்கட்கிழமை மூடியிருக்கும். சுற்றுலா நிறுவனங்களின் அரை நாள் பயணத்தில் சேரலாம், அல்லது செயலியில் வண்டி பிடித்துத் திரும்பி வருவதற்கும் பேசிக்கொள்ளலாம். தொப்பி, தண்ணீர், நல்ல செருப்பு அவசியம். பரந்த மணல் வெளி, நிழல் கிடையாது.

பாச்சாகாமாக் என்றால் ‘உலகை உயிர்ப்பிப்பவர்’. இன்காக்களுக்கு வெகு காலம் முன்பிருந்தே கடற்கரை முழுவதும் மக்கள் குறி கேட்க இங்கே நடந்து வந்தார்கள். 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கெச்சுவா மொழியில் எழுதப்பட்ட வாரோச்சிரி கையெழுத்துப் பிரதி இந்தச் சாமியைப் பற்றிச் சொல்கிறது: கோபம் வந்தால் பூமி நடுங்கும், முகத்தை ஒரு பக்கம் திருப்பினால் நிலம் ஆடும், உடம்போடு திரும்பிவிட்டால் உலகமே முடிந்துபோகும். இன்காக்கள் இந்தப் பகுதியைப் பிடித்தபோதுகூட இந்தச் சாமியை அகற்றவில்லை. பக்கத்திலேயே உயரமாகத் தங்கள் சூரியக் கோயிலைக் கட்டிக்கொண்டார்கள்.

1532 நவம்பரில் இன்கா மன்னன் அத்தாவால்பாவைக் காஹாமார்க்காவில் சிறைபிடித்த பிசாரோ, மீட்புப் பொன் சேர்க்கத் தன் தம்பி எர்னாந்தோவை இங்கே அனுப்பினான். 1533 தொடக்கத்தில் வந்து சேர்ந்த எர்னாந்தோ கருவறைக்குள் புகுந்து சிலையை உடைத்தான். 1938-இல் இங்கே கிடைத்த, இரண்டு பக்கமும் முகம் செதுக்கிய மரச்சிலை ஒன்று கோயில் வளாகத்து அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதை முதலில் பார்த்துவிட்டு வெளியே நடந்தால் இடிபாடுகள் வெறும் மண்மேடாகத் தெரியாது. கடைசியாகச் சூரியக் கோயிலின் மேல் ஏறுங்கள். எதிரே பசிபிக் கடல், நடுவில் இரண்டு தீவுகள்.

திரும்பும் வழியில் மணற்குன்றுகளின் மேல் ஆயிரக்கணக்கான வீடுகள் ஏறியிருப்பதைப் பார்ப்பீர்கள். பாச்சாகாமாக்கை ஒட்டியே இருக்கும் வில்யா எல் சால்வதோர், 1971-இல் ஆண்டிஸ் மலைகளிலிருந்து வந்த குடும்பங்கள் வெறும் மணலில் நாணல் பாய்களைச் சுவராக நட்டுத் தொடங்கிய குடியிருப்பு. தெருவையும் பள்ளியையும் சமூகச் சமையற்கூடத்தையும் தாங்களே கூடி அமைத்தார்கள். இன்றைய லீமாவின் பெரும்பகுதி இப்படி வந்தவர்கள் கட்டியதுதான். இந்தக் காட்சியைக் கண்ணில் வைத்துக்கொள்ளுங்கள், நான்காம் நாள் தேவைப்படும்.

மூன்றாம் நாள்: இப்போது சதுக்கம்

காலை ஒன்பதரைக்கு மெத்ரோபொலிதானோவில் ஏறி மையத்துக்குப் போங்கள். மாலை ஐந்துக்குள் திரும்புகிற மாதிரி திட்டமிடுங்கள். இந்த நாள் முழுக்க நடைதான்.

பிளாசா மயோரின் வடபக்கம் இருக்கும் அரசு மாளிகைக்கு ‘பிசாரோவின் வீடு’ என்றே பெயர். ஆனால் அந்த நிலம் ஸ்பானியர் வரும்போது இந்தப் பள்ளத்தாக்கை ஆண்ட தவுலிசூஸ்கோ என்ற தலைவருடையது. பக்கத்துச் சாந்தா ரோசா நடைபாதையில் அவர் நினைவாக ஒரு கல் இருக்கிறது. பெரும்பாலானோர் அதைக் கவனிக்காமல் தாண்டிப் போகிறார்கள். பிசாரோவின் குதிரைச் சிலையை 2003-இல் சதுக்கத்திலிருந்து எடுத்தார்கள். 2025 ஜனவரியில் மறுபடி சதுக்கத்தின் அருகே கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். அந்தச் சிலை எங்கே நிற்க வேண்டும் என்ற சண்டை இன்னும் ஓயவில்லை.

பேராலயத்துக்குள் பிசாரோவின் கல்லறை இருக்கிறது. 1541 ஜூன் 26 அன்று எதிரணிக்காரர்கள் அவனை அவன் வீட்டிலேயே வெட்டிக் கொன்றார்கள். நெடுங்காலம் வேறு யாரோ ஒருவரின் உடலைப் பிசாரோ என்று காட்டிக்கொண்டிருந்தார்கள். 1977-இல் நிலவறையில் ஓர் ஈயப் பெட்டியில் அவன் பெயர் பொறித்து மண்டை ஓடு கிடைத்தது. அப்போதுதான் உண்மை தெரிந்தது.

இப்போது கூரையை அண்ணாந்து பாருங்கள். கல் வளைவு போலத் தெரியும். கல் கிடையாது. மரச்சட்டமும் நாணலும் மண்ணும் சேர்ந்த ‘கிஞ்சா’. 1746 அக்டோபர் 28 இரவு வந்த நிலநடுக்கம் லீமாவைத் தரைமட்டமாக்கியது. தொடர்ந்து வந்த ஆழிப்பேரலை கயாவோ துறைமுகத்தைத் துடைத்துக்கொண்டு போனது, பிழைத்தவர்கள் ஒரு சிலரே. ஐரோப்பியக் கல் மோகம் அந்த இரவோடு அடங்கியது. அதற்குப் பின் மேல்தளங்களையும் கூரைகளையும் கனம் குறைந்த நாணலிலும் மண்ணிலும் கட்டினார்கள். பூர்வகுடிகள் எப்போதோ கண்டுபிடித்திருந்த வழிதான் அது.

அடுத்து சான் ஃபிரான்சிஸ்கோ மடம். இதற்கு நல்ல நேரம் ஒதுக்குங்கள். யுனெஸ்கோ 1988-இல் முதலில் உலகப் பாரம்பரியமாக அறிவித்தது இந்த மடத்தைத்தான். 1991-இல் அதை நகர மையம் முழுக்க விரிவாக்கினார்கள். ஸ்பெயினின் செவில்யா நகரிலிருந்து கப்பலில் வந்த நீல ஓடுகள், பழைய நூலகம், பிறகு கீழே இறங்கினால் நிலவறைக் கல்லறை. நகரத்துக்கு வெளியே இடுகாடு அமையும் வரை லீமாவின் மக்களை இங்கேதான் புதைத்தார்கள். பல்லாயிரம் பேரின் எலும்புகளை வகை பிரித்து வட்டம் வட்டமாக அடுக்கியிருக்கிறார்கள். படம் எடுக்க அனுமதி இல்லை. குழந்தைகளோடு போகிறவர்கள் முன்கூட்டியே சொல்லிக் கூட்டிப் போங்கள்.

சாந்தோ தொமிங்கோ மடத்தில் மூன்று புனிதர்களின் எச்சங்கள் இருக்கின்றன: அமெரிக்கக் கண்டத்தின் முதல் புனிதர் ரோசா, ஹுவான் மசீயாஸ், மார்த்தீன் தே போர்ரெஸ். ஸ்பானியத் தந்தைக்கும் விடுதலை பெற்ற கறுப்பினத் தாய்க்கும் 1579-இல் பிறந்தவர் மார்த்தீன். மடத்தில் பெருக்கும் வேலையும் மருத்துவ வேலையும் பார்த்தவர், அதனால் சிலைகளில் கையில் துடைப்பத்தோடு இருப்பார். 1962-இல்தான் புனிதர் பட்டம் கொடுத்தார்கள். அவர் முன்னால் எப்போதும் பூ இருக்கும்.

மதிய உணவுக்கு நடந்துபோகிற தூரத்திலேயே சீனத் தெரு, கயே கபோன். 1849 முதல் 1874 வரை சுமார் ஒரு லட்சம் சீனத் தொழிலாளர்களைக் கூலி ஒப்பந்தத்தில் கொண்டுவந்து, கரும்புத் தோட்டங்களிலும் கடற்பறவை எரு அள்ளும் தீவுகளிலும் கொடுமையாக வேலை வாங்கினார்கள். ஒப்பந்தம் முடிந்தவர்கள் இந்தத் தெருவில் சின்னச் சமையற்கடைகள் போட்டார்கள். இன்று ‘சீஃபா’ என்ற அந்தச் சீன–பெருவியச் சாப்பாடு நாட்டின் எந்த ஊரிலும் கிடைக்கும்.

சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. ‘சின் கார்னே’, அதாவது இறைச்சி வேண்டாம் என்று மட்டும் சொன்னால் கோழி வரும். எனக்கு ஒரு சின்னச் சாப்பாட்டுக் கடையில் அப்படித்தான் வந்தது. அங்கே ‘கார்னே’ என்றால் பெரும்பாலும் மாட்டிறைச்சி. ‘நோ கோமோ கார்னே, நி போயோ, நி பெஸ்காதோ’ என்று முழுதாகச் சொல்லுங்கள்: இறைச்சியும் வேண்டாம், கோழியும் வேண்டாம், மீனும் வேண்டாம். சூப்பின் அடிச்சாறு கோழியாகவே இருக்கும், அதைத் தனியாகக் கேளுங்கள். வாங்காயீனா சாஸ் ஊற்றிய உருளைக்கிழங்கு, அதாவது மஞ்சள் மிளகாயும் பாலாடைக்கட்டியும் அரைத்து ஊற்றியது, நம் நாக்குக்கு உடனே ஒத்துவரும். அதன் மேல் பெரும்பாலும் அவித்த முட்டை வைத்திருப்பார்கள். குடிக்க ஊதாச் சோளத்தில் காய்ச்சிய சீச்சா மொராதா. மீன் சாப்பிடுகிறவர்கள் செவீச்சேயை, அதாவது எலுமிச்சைச் சாற்றில் ஊறவைத்த பச்சை மீனை, மதியத்தில் மட்டும் சாப்பிடுங்கள். அன்று பிடித்த மீனை அன்று பகலிலேயே முடிப்பது அங்கே வழக்கம். நல்ல செவீச்சே கடைகள் மாலையில் மூடிவிடும்.

சாப்பிட்ட பின் மேற்கே லாஸ் நாசரேனாஸ் ஆலயத்துக்கு நடங்கள். நான்கு நாளில் ஒரே ஓர் இடம்தான் பார்க்க முடியும் என்றால் நான் இதைச் சொல்வேன்.

இந்தப் பகுதியின் பழைய பெயர் பாச்சாகமீயா. நேற்றுப் பார்த்த பாச்சாகாமாக்கிலிருந்து வந்து குடியேறிய பூர்வகுடிகளால் வந்த பெயர். பின்னர் அங்கோலாவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்கள் இங்கே கூடிக் கும்பிட்டார்கள். 1651 வாக்கில் அவர்களில் ஒருவர் ஒரு பச்சைமண் சுவரில் சிலுவையில் அறைந்த இயேசுவை வரைந்தார். 1655 நவம்பர் 13 அன்று நிலநடுக்கம் வந்தது. மாளிகைகளும் ஆலயங்களும் விழுந்தன. அந்த மண்சுவர் நின்றது. 1687-இல் மறுபடி ஒரு பெரிய நடுக்கம், அப்போதும் நின்றது. அந்த ஆண்டுதான் ஓவியத்தின் நகலை முதன்முதலாகத் தெருவில் ஊர்வலம் கொண்டுபோனார்கள். இன்று ஆலயத்தின் பிரதான பீடத்தில் நீங்கள் பார்ப்பது அதே சுவர், அதே ஓவியம்.

அற்புதங்களின் ஆண்டவர் என்ற இந்தத் திருவிழாவுக்காகத்தான் அக்டோபரைச் சொன்னேன். மாதம் முழுக்க நகரமே ஊதா உடுத்தும். முக்கிய ஊர்வலங்களில், 18, 19, 28 தேதிகளில், லட்சக்கணக்கானோர் கூடுவார்கள். கனமான சப்பரத்தை ஊதா அங்கி அணிந்த அணிகள் முறை வைத்துத் தோள் மாற்றிச் சுமப்பார்கள். முன்னால் பெண்கள் சாம்பிராணிச் சட்டி ஏந்திப் பின்னோக்கி நடப்பார்கள், சாமிக்கு முதுகு காட்டமாட்டார்கள். கூட்டத்தின் நடுவில் போகாமல் பக்கத்துத் தெரு முனையில் நில்லுங்கள், பையை முன்னால் போட்டுக்கொள்ளுங்கள். தெரு முழுக்க விற்கும் ‘தோஞ்ஞா பேபா’ என்ற தேன்பாகு மிட்டாயை வாங்கிச் சாப்பிடுங்கள்.

பூமியை ஆட்டுகிற பழைய சாமிக்கும், பூமி ஆடும்போது காப்பாற்றுகிற இந்த ஆண்டவருக்கும் தொடர்பு உண்டு என்று பெருவின் பெரிய வரலாற்றாய்வாளர் மரியா ரோஸ்த்வோரோவ்ஸ்கி எழுதினார். இரண்டாம் நாள் அந்த மணல் மேட்டில் நின்றுவிட்டு மூன்றாம் நாள் இந்தச் சுவர் முன் நிற்கிறவர்களுக்கு அதை யாரும் விளக்க வேண்டியதில்லை. சதுக்கத்தைத் தள்ளிவைக்கச் சொன்னதும் இதற்காகத்தான்.

நேரம் இருந்தால் திரும்பும் வழியில் சான் மார்த்தீன் சதுக்கம். 1821 ஜூலை 28 அன்று லீமாவில் விடுதலையை அறிவித்த ஹோசே தே சான் மார்த்தீனின் சிலை, நூற்றாண்டின்போது 1921-இல் திறந்தது. பீடத்தில் நிற்கும் தாய்நாட்டுச் சிலையின் தலையில் ஒரு குட்டி யாமா விலங்கு நிற்கும். ஸ்பானிய மொழியில் ‘யாமா’ என்றால் தீச்சுடர், அந்த விலங்குக்கும் அதுதான் பெயர். சுடர் கேட்டார்கள், சிற்பி விலங்கை வைத்துவிட்டார் என்று ஊரில் சொல்வார்கள்.

நான்காம் நாள்: நினைவும் பாட்டும்

காலையில் மிராஃப்ளோரெஸ் பாறைச் சரிவில் கடலைப் பார்த்து இருக்கும் ‘லும்’ நினைவகம். அனுமதி இலவசம். திறந்திருக்கிறதா என்று முந்தைய நாளே பார்த்துவிடுங்கள். 1980 முதல் 2000 வரை பெருவில் நடந்த வன்முறையின் நினைவிடம் இது. செந்தேரோ லுமினோசோ என்ற ஆயுதக் குழு கொன்றது, அரச படைகளும் கொன்றன. 2003-இல் உண்மை ஆணையம் கொடுத்த மதிப்பீட்டின்படி இறந்தவர்களும் காணாமற்போனவர்களும் 69,280 பேர். அவர்களில் நான்கில் மூன்று பேர் கெச்சுவா அல்லது வேறு பூர்வகுடி மொழி பேசியவர்கள். மலைக் கிராமங்களில் பல ஆண்டுகளாக மக்கள் செத்துக்கொண்டிருந்ததைத் தலைநகரம் தன் துயரமாக எடுத்துக்கொள்ளவில்லை. 1992 ஜூலை 16 அன்று இதே மிராஃப்ளோரெஸின் தாராத்தா தெருவில் குண்டு வெடித்தபோதுதான் பலருக்கு அது உறைத்தது. வில்யா எல் சால்வதோரில் பெண்களைத் திரட்டிச் சமூக சமையற்கூடங்களை நடத்திய மரியா எலேனா மொயானோவை அதே ஆண்டு பிப்ரவரியில் செந்தேரோ கொன்றது.

உள்ளே உயிரோடு மிஞ்சியவர்கள் திரையில் நேராக நம்மைப் பார்த்துப் பேசுவார்கள். ஸ்பானிய மொழி புரியாவிட்டாலும் அவசரமாகத் தாண்டிப் போகாதீர்கள். எதிரே நின்று ஒருவரையாவது முழுவதும் கேளுங்கள்.

மதியம் சுர்க்கீயோ சந்தை, மெத்ரோபொலிதானோவின் ரிகார்தோ பால்மா நிலையத்துக்கு அருகில். உருளைக்கிழங்கில் மட்டும் ஊதா, மஞ்சள், கறுப்பு, முண்டும் முடிச்சுமாக எத்தனையோ வகை குவித்திருப்பார்கள். லூக்குமா, செரிமோயா பழங்களை வெட்டித் தரச் சொல்லி அங்கேயே சாப்பிடுங்கள். நிலையத்துக்குப் பெயர் கொடுத்த ரிகார்தோ பால்மாவைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1881 முதல் 1883 வரை சிலி நாட்டுப் படை லீமாவைப் பிடித்து வைத்திருந்தபோது தேசிய நூலகத்தைச் சூறையாடியது. போர் முடிந்ததும் பொறுப்பேற்ற பால்மா உலகமெங்கும் கடிதம் எழுதிப் புத்தகம் கேட்டார். ‘பிச்சைக்கார நூலகர்’ என்று அவரை அன்போடு நினைவுகூர்கிறார்கள். சிலி 3,788 நூல்களை 2007-இல் திருப்பிக் கொடுத்தது.

மாலை பர்ராங்கோ. 1876-இல் கட்டிய ‘பெருமூச்சுப் பாலம்’ மரத்தாலானது, சின்னது. அதைக் கடந்து பள்ளத்தாக்குப் பாதையில் இறங்கினால் கடல். இருட்டியதும் ‘பேஞ்ஞா’ எனப்படும் பாட்டு விடுதி ஒன்றில் இடம் பிடியுங்கள். வெள்ளி, சனி என்றால் முன்பதிவு வேண்டும், நிகழ்ச்சி இரவு பத்துக்கு மேல்தான் சூடு பிடிக்கும். வாசலில் தள்ளுவண்டியில் பூசணியும் சர்க்கரைவள்ளியும் சேர்த்துப் பிசைந்து, வளையமாகப் பொரித்து, வெல்லப்பாகு ஊற்றிய பிக்கரோனெஸ் கிடைக்கும். சைவக்காரர்களும் தயங்காமல் சாப்பிடலாம்.

மேடையில் ஒருவர் மரப்பெட்டி ஒன்றின் மேல் உட்கார்ந்து அதையே தட்டி வாசிப்பார். அதன் பெயர் கஹோன். பெருவின் கடற்கரையில் அடிமைகளாக இருந்த ஆப்பிரிக்கர்களின் சந்ததியினர் உருவாக்கிய வாத்தியம். அடிமைமுறை 1854-இல்தான் ஒழிந்தது. வாசிப்பவருக்குப் பக்கத்தில், பெட்டியின் முன்பலகை தெரிகிற மாதிரி உட்காருங்கள். நடுவில் அடித்தால் ஆழமான ஒலி, மேல் விளிம்பில் அடித்தால் கூர்மையான ஒலி. இரண்டையும் பிரித்துக் கேட்கப் பழகியதும் பாட்டு வேறு மாதிரிக் கேட்கத் தொடங்கும்.

மறுநாள் விமானம் என்றால் பர்ராங்கோவிலிருந்து விமான நிலையத்துக்கு இரண்டு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள், மாலை நேரமானால் இன்னும் கூடுதலாக.